தொட்டிக்கு அடியில் நீலப் பொட்டு

சேர்க்காரர் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பார். டாக்டரிடம் போனாலும் சரி, சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் சரி. "உக்காருங்க" என்றால் "இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அடியில் பெயிண்டால் ஒரு பொட்டு இருந்தால் அது வாடகைச் சரக்கு. சிவப்புப் பொட்டு என்றால் அவருடையது. நீலப் பொட்டு என்றால் பக்கத்துத் தெருக் குள்ளனுடையது. பொட்டே இல்லையென்றால் சொந்தம். சொந்த நாற்காலி வைத்திருப்பவனை அவர் பாதி நம்புவார். மீதிப் பாதியை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கல்யாணம், கூட்டம், திறப்பு விழா என்று எதுவாக இருந்தாலும் நாற்காலி, மேஜை, மேஜைத் துணி, கூடாரம், பூந்தொட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை அவருடையது. ஊரே வாயைப் பிளந்து பார்க்கிற ஜோடனை எல்லாம் மறுநாள் காலையில் அழுக்காகி வண்டியில் ஏறித் தன் கடைக்கே திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழுத்த மனுஷன். பளபளவென்று எதைக் கண்டாலும், இது யார் கடைச் சரக்கு என்றுதான் முதலில் தோன்றும்.

அவர் மனைவிக்கு ஊரில் மேடையக்கா என்று பேர். மேடை ஜோடனை முழுக்க அவள் கை. முப்பது வருஷமாக வெட்டின பூவைக் கட்டிக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அந்தப் பூ மறுநாள் குப்பைக்குப் போகும். அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. வாடகைக்குப் போன தொட்டிச் செடிகள் திரும்பி வருகிற கோலம்தான் அவளுக்கு ஆகாது. மண்ணில் சிகரெட்டுத் துண்டு குத்தியிருக்கும். எவனோ மிச்சம் வைத்த கலர் தண்ணீரை ஊற்றியிருப்பான். குழந்தைகள் இலையைக் கிழித்திருக்கும். அவள் அவற்றைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் வரிசையாக வைத்து, துடைத்து, கிள்ளி, மண் மாற்றி, பேசிப் பார்ப்பாள். சிலது பிழைக்கும். சிலது செத்துப்போகும். சாகிறதில் கூட அவளுக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. ஏன் செத்தது என்று தெரியாமல் சாகிறதே, அதுதான் தாங்காது.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு அது சொல்லிட்டாவது போகலாமில்ல?" என்பாள்.

"சொல்றதுக்கு அது என்ன உன் நாத்தனாரா?" என்பார் சேர்க்காரர்.

இப்படிப்பட்டவள் மாலை வகுப்புக்குப் போய்ப் பள்ளி இறுதிப் பரீட்சையை எழுதித் தேறினாள். அதோடு நிற்பாள் என்று அவர் நினைத்தார். அவள் நிற்கவில்லை. தோட்டக்கலையில் ரெண்டு வருஷப் பட்டயப் படிப்பு இருக்கிறதாம், அதைப் படிக்கப் போகிறேன் என்றாள். கடைக் கணக்கைப் பார்க்கிற மகளும் சேர்ந்துகொண்டு ரெண்டு கல்லூரிக்கு எழுதிப் போட்டாள். ரெண்டு கல்லூரியும் வா என்று சொல்லிவிட்டது. அங்கேதான் பிடித்தது வினை.

ஒன்று பக்கத்தில். பஸ் ஏறினால் காலைச் சூடு ஏறுவதற்குள் போய்விடலாம், இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். இன்னொன்று தூரத்தில். ரயிலில் போய், இறங்கி, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அங்கே படித்தால் அங்கேயேதான் தங்க வேண்டும். வார விடுமுறைக்குத்தான் வீடு.

சேர்க்காரர் பக்கத்துக் கல்லூரிதான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் காரணம் கேட்பாள். அவள் இல்லாத வீட்டில் தனக்கு உட்கார இடம் தெரியாது என்பதை எப்படிச் சொல்வது? கட்டின நாள் முதலாய் அந்த மாதிரிப் பேச்சு ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. இந்த வயதில் தொடங்கினால் மாரடைப்பு என்று நினைத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிடுவாள்.

தூரத்துக் கல்லூரியை முதலில் போய்ப் பார்த்தார்கள். வேண்டுமென்றேதான் அவர் அதை முதலில் வைத்தார். அலுப்பூட்டுகிற ரயில், குலுக்குகிற பஸ், பார்த்ததும் அவளுக்கே வெறுத்துவிடும் என்று கணக்கு. இடமும் அவர் பக்கம்தான் பேசியது. வாசலில் அழகாக ஒரு பூச்செடி இல்லை. எங்கே பார்த்தாலும் சேறு, குழாய், சாக்கு. கல்லூரித் தலைவி என்று வந்த அம்மாள் முழங்கால் வரை சேற்றோடு வந்து கை கொடுத்தாள். சேர்க்காரர் தன் கையைத் துடைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். பார்த்தியா லட்சணத்தை, என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை ஒரு நீளமான கொட்டகையின் மேல் இருந்தது.

அது நோயாளிச் செடிகளுக்கான கொட்டகை. சுற்று வட்டாரத்தில் யார் வீட்டுச் செடி வாடினாலும் அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகலாமாம். மாணவர்கள் வைத்தியம் பார்ப்பார்கள். ஒவ்வொரு செடிக்கும் முன்னால் ஒரு சீட்டு. என்ன நோய், என்ன மருந்து, இன்று எப்படி இருக்கிறது. செத்துப்போன செடியையும் சும்மா விடுவதில்லை. அறுத்து, வேரைக் கழுவி, கண்ணாடிக்கு அடியில் வைத்து, எதனால் செத்தது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் குழிக்கு அனுப்புகிறார்கள்.

மேடையக்கா அந்தக் கொட்டகைக்குள் போனவள் போனவள்தான். ஒரு பையன் கருகின ஒரு வேரை அவள் உள்ளங்கையில் வைத்து என்னமோ சொல்ல, அவள் தலையாட்டி, பிறகு அவள் என்னமோ கேட்க, அவன் தலையைச் சொறிந்தான். வெளியே நின்ற சேர்க்காரர் அவள் முகத்தையே பார்த்தார். மூத்த பெண்ணைக் கட்டிக் கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டில் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததும் இப்படித்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டார்.

"என்ன, எப்படி இருந்துச்சு?"

"தூரம்தாங்க."

"அதான் நானும் சொல்றேன். சேறு வேற."

"ம்."

"நம்ம ஊர்ல இருக்கிறதையும் பாத்துடுவோம். பாக்காம ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சரிங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய நகக்கண்ணில் அந்த ஊர் மண் அப்படியே இருந்தது. அவள் கழுவவில்லை.

பக்கத்துக் கல்லூரியில் கால் வைத்ததுமே சேர்க்காரருக்கு உச்சி குளிர்ந்தது. வாசலிலிருந்து படிக்கட்டு வரை ரெண்டு பக்கமும் தொட்டி. பூ என்றால் பூ, அப்படியொரு பூ. மேஜைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் எழுந்து வணக்கம் சொன்னார்.

"வாங்க, வாங்க. பொண்ணு வரலையா? பொண்ணும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"பொண்ணு கடையில இருக்கா. படிக்கப் போறது இவ."

எழுத்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க கார்டியனா?" என்றார்.

"முப்பது வருஷமா" என்றார் சேர்க்காரர்.

மேடையக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஒரு வாத்தியாரம்மா வந்து அவளைப் பின்பக்கத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். நீங்களும் வாருங்கள் என்றதற்கு அவர், "நான் இங்கேயே இருக்கேன், இங்கேயே எல்லாம் தெரியுதே" என்று படிக்கட்டருகே நின்றுகொண்டார். உண்மையில் மனசு நிறைந்துபோய் நின்றார். இதைவிட என்ன வேண்டும்? காலையில் போவாள், மாலையில் வருவாள். பூவும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன கை சும்மா இருக்காமல் ஒரு தொட்டியைச் சாய்த்தது.

அடியில் நீலப் பொட்டு.

அடுத்ததைச் சாய்த்தார். நீலம். அதற்கடுத்தது. நீலம். படிக்கட்டுக்கு மறுபக்கம் போய்ச் சாய்த்தார். அங்கேயும் நீலம். சேர்க்காரருக்குக் காதில் வண்டு பறந்தது. குள்ளனுடைய சரக்கு! கல்லூரியைப் பார்க்க வருகிறவர்களை மயக்க வாசல் முழுக்க வாடகைத் தொட்டி! தோட்டக்கலை சொல்லித் தருகிற இடத்தில் சொந்தமாக ஒரு செடி வளர்க்கத் துப்பில்லை!

வேறொரு நாளாக இருந்தால் அந்த எழுத்தரின் மேஜையைத் தட்டி, கல்லூரி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டிருப்பார். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிச் சொல்லியே பாதி சொந்தக்காரர்களைக் கழித்துக் கட்டியவர் அவர். வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஒரு நினைப்பு வந்து விழுந்தது. இதைச் சொன்னால் அவள் அங்கே போய்விடுவாள். ரயில் ஏறி, பஸ் பிடித்து, அந்தக் கொட்டகைக்கு.

திறந்த வாயை மூடிக்கொண்டார். தொட்டியை மெதுவாக நிமிர்த்தி, சிந்தின மண்ணைக் காலால் ஓரம் தள்ளினார்.

மேடையக்கா திரும்பி வந்தாள்.

"எப்படி?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லாத்தான் இருக்கு. சொல்லித் தர்றாங்க ஒழுங்கா."

"பின்னாடி என்ன இருக்கு?"

"செடிதான் இருக்கும், வேற என்ன இருக்கும்? இதுலயே சேர்ந்துக்கறேங்க. பஸ்ல போய்ட்டு பஸ்ல வந்துடுவேன்."

அவர் எதிர்பார்த்த வார்த்தை அதுதான். வந்துவிட்டது. வந்தது இனிக்கவில்லை.

மறுநாள் குள்ளன் கடைப் பக்கம் போனார். தானாக அவன் கடைப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. குள்ளன் ஆறடி. அவனுக்கு அப்படிப் பேர் வைத்ததே சேர்க்காரர்தான். வியாபாரத்தில் தன்னைவிடக் குட்டை என்று காட்டுவதற்காக.

"வாங்கண்ணே! என்ன, கடையை என்கிட்ட விக்க வந்துட்டீங்களா?"

"உன் சரக்க வாங்கி வைக்கவே எனக்கு எடம் இல்ல, நீ என் கடைய வாங்கப் போறியா? ஒண்ணு கேக்கணும். காலேஜுக்கெல்லாம் தொட்டி அனுப்புறியா நீ?"

குள்ளன் நாற்காலியில் சாய்ந்து தொடையைத் தட்டினான். "இந்த வட்டாரத்துல நம்ம தொட்டி நிக்காத காலேஜ் ஏதுண்ணே? சொல்லுங்க, ஒரு காலேஜ் சொல்லுங்க பாப்போம்!"

அவன் பிறவிப் புளுகன். கூரை ஒழுகுகிற கூடாரத்தைக் காற்றோட்டமான கூடாரம் என்று விற்றவன். அவன் சொல்வதில் கால்வாசியைக்கூட சேர்க்காரர் நம்பியதில்லை. அன்றைக்கு மட்டும் முழுசாக நம்பினார். கெட்ட சேதி என்றால் அவருக்கு யார் சொன்னாலும் நம்பிக்கை வந்துவிடும்.

அதற்குப் பிறகு சேர்க்காரர் சேர்க்காரராக இல்லை. ஒரு கல்யாண வீட்டுக்காரன் கால் உடைந்த நாலு நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தபோது, "பரவால்ல, வயசான சேருங்க" என்றார். வந்தவன் பயந்துபோய் அவரையே பார்த்தான். மேஜைத் துணியில் எண்ணெய்க் கறையோடு வந்த அம்மாளிடம், "கறைதானே" என்றார். கல்லாவில் இருந்த மகள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சு. இன்னிக்கு யாரையும் திட்டல."

மேடையக்கா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே. நாக்க நீட்டுங்க."

"நாக்குல ஒண்ணுமில்ல போ."

"அதான் பயமா இருக்கு."

அவளும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். கடைக்குப் பின்னால் தொட்டிகளுக்குத் தண்ணீர் விடும்போது பாட்டில்லை. ஒரு வாடின செடியின் இலையைத் திருப்பிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டாள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். ரெண்டு வருஷம். வாடகைத் தொட்டிகளுக்கு நடுவில் இவளை ரெண்டு வருஷம் உட்கார வைக்கப் போகிறோம். இங்கேயும் வாடகைத் தொட்டி, அங்கேயும் வாடகைத் தொட்டி. அதற்கு எதற்கு பஸ் வேறு?

மறுநாள் காலை கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மகள் நினைவுபடுத்தின அன்று சாயங்காலம், புருஷனும் பெண்டாட்டியும் துவைத்து உலர்ந்த மேஜைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். விருந்து மேஜைத் துணி. நீளமென்றால் அப்படியொரு நீளம். ஆளுக்கு ரெண்டு மூலையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, உதறி, நடந்து வந்து நடுவில் சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி நடந்து வர வேண்டும்.

இழுத்தார்கள். உதறினார்கள். துணிக்கு அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் அவர்.

"அந்தக் காலேஜு வேண்டாம்" என்றார் சேர்க்காரர்.

"எந்தக் காலேஜு?"

"இங்க இருக்கிறதுதான். அது சரியில்ல. அத்தனையும் வாடகை."

"என்ன வாடகை?"

"செடிதான்! வாசல்ல ஜோரா நின்னுதே, அம்புட்டும் குள்ளன் சரக்கு. நான் தூக்கிப் பாத்தேன். ஒண்ணு விடாம நீலப் பொட்டு. சொந்தச் செடி இல்லாதவன் உனக்கு என்ன சொல்லித் தரப் போறான்? அந்தச் சேத்துக் காலேஜுக்கே போ. அங்க நாத்தம் புடிச்சதா இருந்தாலும் சொந்தம்."

சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. உடனே அதைவிடப் பெரிய மூட்டை ஒன்று ஏறிக்கொண்டது.

மேடையக்கா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை. கையிலிருந்த துணியை நழுவ விட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கீழே உட்கார்ந்து சிரித்தாள். துவைத்த துணி தரையில் விழுந்ததற்கு அவர் கத்தக்கூட மறந்துவிட்டார்.

"என்ன இப்ப சிரிப்பு?"

"ஐயோ... அது குள்ளண்ணன் பொட்டு இல்லைங்க. அது பசங்க பொட்டு. முதல் வருஷத்துப் பசங்க வளக்குறதுக்கு நீலம், ரெண்டாம் வருஷத்துக்கு மஞ்ச. பின்னாடி முழுக்க மஞ்சதான். அந்த வாத்தியாரம்மா எனக்குக் காட்டினாங்க. செடி செத்துச்சுன்னா யார் கையில செத்துச்சுன்னு தெரியணுமாம்."

"அப்ப குள்ளன், எல்லா காலேஜுலயும் என் தொட்டின்னானே?"

"குள்ளண்ணன் பேச்ச நீங்க நம்புனீங்களா? நீங்க?"

சேர்க்காரர் கையிலிருந்த துணி மூலையைச் சுருட்டினார். பிறகு மெல்ல முகம் தெளிந்தது.

"அப்ப எல்லாம் சொந்தச் செடியா?"

"சொந்தச் செடிதான். நல்ல காலேஜுங்க அது."

"அப்ப சரி! அப்ப அங்கயே சேந்துடு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். துணிய எடு."

அவள் துணியை எடுக்கவில்லை. கீழே உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத என்னிக்குப் பாத்தீங்க?"

"அன்னிக்கேதான்."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

அவர் துணியின் மூலையில் இல்லாத கறையைத் தேய்த்தார்.

"கேக்கறேன்ல?"

"சொன்னா நீ அங்க போயிடுவ."

"இப்ப மட்டும் ஏன் சொன்னீங்க?"

"வேற என்ன பண்றது? பொய்ச் செடிய வச்சுக்கிட்டு நீ என்னத்தப் படிப்ப? அந்தக் கொட்டகைக்குள்ள போனப்ப உன் மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்தேன்."

மேடையக்கா எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, விழுந்த மூலைகளைக் கையில் எடுத்தாள். அவள் குரலில் சிரிப்பு போயிருந்தது. கோபமும் இல்லை.

"நான் அங்கயே போறேங்க."

"எங்க?"

"அங்கதான். சேத்துக் காலேஜுக்கு."

"அடியே, இது சொந்தச் செடின்னு நீதானே இப்ப சொன்ன!"

"ஆமா. இது நல்ல காலேஜு. அது எனக்கு வேணுங்கற காலேஜு. ரயில்லயே சொல்லணும்னு இருந்தேன். நீங்க விடமாட்டீங்கன்னுதான் வாய மூடிக்கிட்டேன். இப்பத்தான் விட்டுட்டீங்களே."

"நான் எங்க விட்டேன்?"

"இப்பத்தான். துணிய உதறும்போது."

"அது தப்பான தகவல்ல சொன்னது. செல்லாது. திரும்ப எடுத்துக்கறேன்."

"திரும்ப எடுத்துக்கறதுக்கு என்னை என்ன வாடகைக்கா விட்டீங்க?"

கல்லாப் பக்கத்திலிருந்து மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சேர்க்காரர் அந்தப் பக்கம் திரும்பி, "அங்க என்ன காது? கணக்கப் பாரு!" என்று ஒரு சத்தம் போட்டார். பல நாளைக்குப் பிறகு வந்த சத்தம். தெருவில் போன ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"ஆச்சு, அப்பாவுக்குச் சரியாயிடுச்சு" என்றாள் மகள்.

அவர் மனைவியைப் பார்த்தார். இந்த முகத்தோடு வாதாடி ஜெயித்ததாக அவருக்கு நினைவில்லை. எப்போதாவது ஜெயித்திருந்தால், அவள் விட்டுக்கொடுத்திருப்பாள். இந்தத் தடவையும் விட்டுக்கொடுத்துத்தான் இருந்தாள். அந்த நல்ல காரியத்தைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார். கெடுத்துக்கொண்டதில் வருத்தம் இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தார். இருந்தது, நிறையவே இருந்தது. ஆனாலும் அவள் நிற்கிற நிற்பைப் பார்த்தால், அதை வெளியே எடுக்க மனசு வரவில்லை.

"அங்க தங்குற எடத்துல யார் யார் இருக்காங்கன்னு பாத்தியா?"

"பாத்தேன். எல்லாம் சின்னப் பொண்ணுங்க."

"ராத்திரியெல்லாம் போன் பேசிக்கிட்டே இருப்பாளுங்க. உன்னைத் தூங்க விடமாட்டாளுங்க."

"உங்க குறட்டைல முப்பது வருஷம் தூங்கியிருக்கேன். அதுக்கு மேலயா?"

"என் குறட்டையும் போன் பேச்சும் ஒண்ணா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் துணியை விறைப்பாக இழுத்தார். அவளும் இழுத்தாள். உதறினார்கள். கீழே விழுந்ததில் ஒட்டின தூசு பறந்தது. நடந்து வந்து நடுவில் மூலைகளைச் சேர்த்தார்கள். அவள் கையில் மூலைகளைக் கொடுத்தபோது அவர் உடனே விடவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு வந்துடணும். சனி ஞாயிறுதான் மேடை வேலை ஜாஸ்தி" என்றார்.

"மேடை வேலைக்குத்தானா?"

"வேற எதுக்கு?"

"வரேன். எந்தச் செடிக்கும் சீரியஸா இல்லன்னா வரேன்."

"செடிக்குச் சீரியஸா இருந்தா எனக்கு போன் பண்ணிச் சொல்லு. நான் வரேன் அங்க" என்றார் சேர்க்காரர், மூலையை விட்டுக்கொண்டே. "வந்து அந்தச் சேத்துல எங்க உக்கார்றதுன்னுதான் தெரியல. அங்க ஒரு சேர்கூட உருப்படியா இல்ல."